'ரன்' என்றால் ஓட்டம் மட்டுமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கமக்கார அமைப்பின் செயலாளராக இருக்கிறேன். திட்ட அலுவலகம் அனுப்பும் ஆங்கிலக் கடிதங்களில் 'ரன்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. 'ஓடு' என்று வைத்து வாசித்தால் ஒன்றும் விளங்கவில்லை. கடைசிக் கடிதம் இது: "வீ ஆர் ரன்னிங் லோ ஒன் சீட் பெடி. த புரோகிராம் வில் ரன் அன்ரில் மார்ச். பிளீஸ் ரன் த லிஸ்ட் பாஸ்ட் த மனேஜர்."

பதில்: முதலில் கடிதம். விதை நெல் கையிருப்புக் குறைந்து வருகிறது. திட்டம் மார்ச் வரை நடக்கும். பட்டியலை முகாமையாளரிடம் காட்டி அவர் கருத்தைக் கேளுங்கள்.

ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி 'ரன்' என்பதை வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்களாகப் பிரிக்கிறது. அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்பவரிடம் படிக்காதீர்கள்.

பாதி வழி தமிழிலேயே இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, முல்லைத்தீவுக்கு பஸ் ஓடுகிறது, இறைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது (போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிளே அதில்தான் ஓடியது). எல்லாம் ஆங்கிலத்திலும் 'ரன்'தான். சிக்கல் வேறிடத்தில். நாம் ஓடு, ஓட்டு என்று இரண்டு வைத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்கு ஒன்றே போதும். 'த பம்ப் ரன்ஸ்' என்றால் பம்ப் ஓடுகிறது. 'ஹி ரன்ஸ் த பம்ப்' என்றால் அவன் அதை இயக்குகிறான். ஆகவே 'ரன்'னுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் நிற்கிறதா என்று பாருங்கள். அது கடை, பண்ணை, அலுவலகம் என்றால் 'நடத்து' என்று கொள்ளுங்கள்.

அடுத்தது வாலாக வரும் சின்னச் சொல். உங்களுக்குப் பணம் சம்பந்தப்பட்ட இடம் இதுதான். 'ரன்னிங் லோ' என்றால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அன்றைக்கே கேட்டு வாங்கலாம். 'ரன் அவுட் ஒஃப்' என்றால் தீர்ந்துவிட்டது, அலைந்து பயனில்லை. 'ரன் அப்' கடனோடு வந்தால் கடன் ஏறுகிறது. 'ரன் ஓவர்' கூட்டத்துக்கு வந்தால் நேரம் கடந்துவிட்டது. வாகனத்துக்கு வந்தால் யாரோ சில்லுக்குள் அகப்பட்டிருக்கிறார். தேர்தலில் போட்டியிடுவதை 'ரன்' என்பது அமெரிக்கர் வழக்கு. நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் 'கொன்டெஸ்ட்' என்பதையே அதிகம் காண்பீர்கள்.

பதில் எழுதும்போது ஒரு கவனம். இறந்தகாலம் 'ரான்', ஆனால் 'ஹேவ்', 'ஹேஸ்' முன்னால் வந்தால் மறுபடியும் 'ரன்'. நெல் தீர்ந்துவிட்டால் 'வீ ஹேவ் ரன் அவுட் ஒஃப் சீட் பெடி' என்று எழுதுங்கள்.