ஐஸ்லாந்தில் கொசு, நம் வீட்டு வாளியில் முட்டை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

2025 அக்டோபரில் ஐஸ்லாந்தில் முதல்முறையாகத் திறந்த வெளியில் கொசு பிடிபட்டது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கொசுப்புழு ஆய்வில் 18 வருடம் ஓட்டியவள் என்பதால் என்னைக் கேட்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கோவை, கல்லூரி மாணவர்: அக்கா, ஐஸ்லாந்துக்குக் கொசு போனது பூமி சூடானதால்தானே?

அப்படி நேராக முடிச்சுப் போட முடியாது, தம்பி. கிடைத்தவை மூன்றே மூன்று கொசுக்கள்: இரண்டு பெண், ஒரு ஆண். தலைநகர் ரெய்க்யவிக்குக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில், அந்துப்பூச்சிகளை ஈர்க்க ஒயினில் நனைத்துத் தொங்கவிட்ட கயிற்றில் வந்து உட்கார்ந்தவை. இனம் குலிசெட்டா அன்யுலேட்டா. வட ஐரோப்பாவில் சாதாரணமாகக் காணப்படும், குளிர் தாங்கும் கொசு. முதிர்ந்த கொசுவாகவே நிலவறையிலும் மாட்டுக்கொட்டகையிலும் பதுங்கிக் குளிர்காலத்தைக் கடத்திவிடும். கப்பலிலோ கன்டெய்னரிலோ ஏறி வந்திருக்கலாம்.

அந்த வருடம் மே மாதத்தில் ஐஸ்லாந்தில் வழக்கத்துக்கு மாறான வெப்ப அலை அடித்தது உண்மை. ஆனால் மூன்று கொசுவை வைத்து அதற்கும் இதற்கும் உறவு சொல்ல மாட்டேன். வெப்பத்துக்கும் கொசு நோய்க்கும் உள்ள உறவுக்கு இதைவிட உறுதியான சான்றுகள் இருக்கின்றன. அடுத்த பதிலைப் பாருங்கள்.

திருநெல்வேலி, கடை வைத்திருப்பவர்: எங்கள் ஊர் வெயிலுக்குக் கொசு செத்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் வெயில் கூடுவது நல்லதுதானே?

பாதி சரி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸ்தான் உச்ச வசதி. 34 டிகிரிக்கு மேல் போனால் அதன் பரப்பும் திறன் விழுந்துவிடும். 18 டிகிரிக்குக் கீழேயும் அப்படித்தான்.

காரணம் கொசுவின் ஆயுள். ஒரு பெண் கொசு வாழ்வதே இரண்டு முதல் நான்கு வாரம். நோயாளியைக் கடித்ததும் அது உடனே நோய் பரப்பிவிடாது. வைரஸ் அதன் குடலில் பெருகி, உடலெங்கும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர வேண்டும். அதற்கு 8 முதல் 12 நாள் ஆகும். குளிர்ந்த இடத்தில் இன்னும் அதிகம் ஆகும். அதற்குள் கொசு செத்தே போய்விடும். கொஞ்சம் சூடு ஏறினால் வைரஸ் சீக்கிரம் தயாராகிவிடுகிறது, கொசுவுக்குக் கடிக்க மீதி நாட்கள் கிடைக்கின்றன. இரண்டு டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

ஆகவே கடும் வெயில் ஊரில் சித்திரை, வைகாசியில் டெங்கு குறையலாம். ஆனால் இதுவரை குளிரால் தப்பித்த மலை ஊர்கள் அந்த வரம்புக்குள் வந்துகொண்டிருக்கின்றன. நேபாளத்தில் 2004இல்தான் முதல் டெங்கு நோயாளி பதிவானார். 2022இல் அங்கே 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. உலக அளவில் 2024இல் 1.4 கோடிக்கும் மேல் பதிவானது. அதற்கு முன் எந்த வருடமும் இவ்வளவு இல்லை. நகரங்கள் பெருத்ததும், விமானப் பயணம் கூடியதும் இதில் சேர்த்திதான். வெப்பம் மட்டும் காரணம் இல்லை.

இன்னொன்று. வெயில் கூடினால் தண்ணீர்ப் பஞ்சம் வரும், பஞ்சம் வந்தால் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைப்போம். வெளியே கொளுத்தினாலும் வீட்டு மூலையில் நிழலில் இருக்கும் டிரம் ஏடிஸுக்குக் குளுகுளு இடம்.

சென்னை, இல்லத்தரசி: வாரம் தவறாமல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்றுகிறேன். ஆனாலும் புழு வருகிறதே, எப்படி?

இந்தக் கேள்விக்காகவே இத்தனையும் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச் சுவரில் ஒட்டிவைக்கும். இட்டபோது வெள்ளையாக இருக்கும். சில மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் இல்லை. வெளிர் நிற வாளியாக இருந்தால், டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: மிளகுத்தூள் ஒட்டியதுபோல ஒரு கோடு தெரியும். பல வீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் தண்ணீரைக் கொட்டும்போது புழு போய்விடுகிறது, முட்டை சுவரிலேயே இருக்கிறது. காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த முறை தண்ணீர் அதன் மேல் ஏறியதும் பொரிந்துவிடும். மண்டி ஐஐடியும் பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனமும் சேர்ந்து 2024இல் இதன் சூட்சுமத்தை வெளியிட்டார்கள். காயத் தொடங்கியதும் முட்டைக்குள் இருக்கும் கரு தன் வளர்சிதை மாற்றத்தையே மாற்றிக்கொள்கிறது. பாலிஅமைன் என்ற பொருட்களைக் கூட்டிச் செல்களைக் காத்துக்கொள்கிறது; கொழுப்பைக் கரைத்துப் பிழைக்கிறது.

அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். தேங்காய் நாரோ பழைய பிரஷ்ஷோ எடுத்து, விளிம்பிலிருந்து அடிவரை வாரம் ஒரு முறை அழுத்தித் தேயுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மொட்டை மாடியில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, கொட்டாங்குச்சி எதையும் விடாதீர்கள். ஒரு வீட்டில் எல்லாம் பளிச்சென்று இருந்தும் டெங்கு வந்தது. தேடித் தேடி, கடைசியில் பறவைகளுக்கு வைத்த மண்சட்டியில் கண்டுபிடித்தேன்.

பெங்களூரு, மென்பொருள் துறை: காட்டில் இத்தனை விலங்கு இருக்க, இந்தக் கொசு மனிதரையே தேடி வருவது ஏன்? இதுவும் பரிணாமமா?

பரிணாமம்தான், அதுவும் மேலே சொன்ன முட்டைக் கதையின் தொடர்ச்சி. ஏடிஸ் எஜிப்டியின் தாயகம் ஆப்பிரிக்கா. காட்டில் மரப்பொந்துத் தண்ணீரில் வளர்ந்து, கிடைத்த விலங்கைக் கடித்து வாழ்ந்தது. அங்கே இன்றும் அப்படி வாழும் கொசுக்கள் உண்டு.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லிண்டி மெக்பிரைட் குழுவினர், சஹாராவுக்குத் தெற்கே பல ஊர்களிலிருந்து முட்டைகளைச் சேகரித்து வளர்த்தார்கள். ஒரு பக்கம் மனித வாசனை, மறுபக்கம் கினிப்பன்றி வாசனை வைத்து, எந்தக் கொசு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவு இது: நீண்ட, கடுமையான வறட்சிக் காலம் உள்ள ஊர்க் கொசுக்களே மனிதரை அதிகம் விரும்பின. மரப்பொந்து வற்றிவிடும் ஊரில் தண்ணீர் எங்கே இருக்கும்? மனிதர் சேமித்த பானையில். பானையை அண்டிப் பிழைத்தது, பானைக்குச் சொந்தக்காரரையும் கடிக்கப் பழகியது. பிறகு அடிமை வணிகக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு அமெரிக்கக் கண்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதே நண்பர்: லண்டன் சுரங்க ரயில் கொசு நூறு வருடத்தில் புது இனமாக மாறியது என்று படித்தேனே?

பாடப்புத்தகங்கள்வரை போன உதாரணம் அது. ஆனால் 2025இல் வந்த மரபணு ஆய்வு அதைத் திருத்திவிட்டது. குலெக்ஸ் வகையைச் சேர்ந்த அந்தக் கொசு லண்டன் சுரங்கத்தில் உருவானதே இல்லை. ஆயிரம் வருடத்துக்கும் முன்பே மத்தியதரைக் கடல், மத்தியக் கிழக்குப் பகுதியில், அநேகமாகப் பழைய எகிப்து போன்ற வேளாண் சமூகங்களை அண்டி உருவானது. சுரங்கத்துக்குத் தேவையான குணங்களோடுதான் லண்டனுக்கு வந்திருக்கிறது.

வேகமான பரிணாமம் என்பதே பொய் என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வட அமெரிக்காவில் பூச்சி தின்னும் குடுவைச் செடியின் தண்ணீரில் வளரும் வையோமியா என்ற கொசு, பகல் நீளத்தைப் பார்த்துத்தான் குளிர்கால உறக்கத்துக்குப் போகும். குளிர்காலம் தள்ளிப் போகப் போக, உறக்கத்தைத் தள்ளிப்போடும் மரபணு உள்ளவை பெருகின. ஐந்தே வருட இடைவெளியில்கூட இந்த மாற்றம் தெரிந்ததாக 2001இல் பிராட்ஷாவும் ஹோல்சாப்ஃபெலும் காட்டினார்கள்.

ஈரோடு, விசைத்தறி உரிமையாளர்: கொசுவத்தி, லிக்விட் எல்லாம் முன்பு போல வேலை செய்வதில்லை. கொசு மருந்துக்குப் பழகிவிட்டதா?

ஒரு கொசு தன் வாழ்நாளில் பழகிக்கொள்வதில்லை. லட்சம் கொசுவில் பிறவியிலேயே மருந்து தாக்காத இரண்டு மூன்று இருக்கும். மற்றவை சாக, அவை மிஞ்சிப் பெருகும். சில வருடத்தில் ஊரே அவற்றின் வாரிசுகள். கொசுவத்தி, லிக்விடில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து, கொசு நரம்பில் சோடியம் நுழையும் வாயிலில் போய் ஒட்டும். அந்த வாயிலின் வடிவம் ஓரிடத்தில் மாறினால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. வியட்நாம், கம்போடியா ஏடிஸ் கொசுக்களில் அப்படி ஒரு வலுவான மாற்றத்தை 2022இல் கண்டார்கள். சிலவற்றைக் கொல்ல வழக்கத்தைவிட ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்பட்டது.

தெருவில் புகை அடித்தால் பறக்கும் கொசுவில் கொஞ்சம் சாகும். வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் துணிகளுக்குப் பின்னாலும் இருக்கும் ஏடிஸுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. புகை வண்டி வரவில்லை என்று சண்டை போடும் நேரத்தில் டிரம்மைத் தேய்த்துவிடலாம் என்று தோன்றும்.

யாழ்ப்பாணம், ஆசிரியை: இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் சான்று கிடைத்தது. அதே காலத்தில் மன்னாரில் புது நுளம்பு கண்டார்கள் என்கிறார்களே, அது என்ன?

அனாஃபிலிஸ் ஸ்டெஃபன்சி, அம்மா. சென்னைக்காரர்களுக்குப் பழைய எதிரி. நகரத்துக் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்ந்து சென்னையில் மலேரியாவை நிலைக்கவைத்தது அதுதான். 2016 கடைசியில் மன்னாரில் பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். உங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கிணறு இருப்பதால் இதை லேசாக எடுக்க முடியாது.

உள்ளூரில் மலேரியா இல்லை என்பது இன்னும் பெரிய சாதனைதான். ஆனால் மலேரியா உள்ள நாட்டிலிருந்து வருபவரின் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்து, இந்த நுளம்பு அவரைக் கடித்தால் சங்கிலி மீண்டும் தொடங்கலாம். பயணம் போய்வந்து காய்ச்சல் என்றால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கிணற்றில் கப்பி மீன் விடலாம், வலை போட்டு மூடலாம். இதே கொசு 2012இல் ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் காணப்பட்டது; 2022இல் எத்தியோப்பியாவின் திரே தாவா நகரில் மலேரியா பெருகியதற்கும் இதுதான் காரணம்.

திருச்சி, செவிலியர்: சிக்குன்குன்யா திடீரென்று ஐரோப்பாவில் எல்லாம் வருவது ஏன்?

இங்கே வைரஸே மாறியது. 2005, 2006இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குன்யா வந்தது. அங்கே அதிகம் இருந்தது ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது ஆசியப் புலிக்கொசு. வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதில், அந்தக் கொசுவுக்குள் நன்றாகப் பெருகும் திறன் வந்துவிட்டது. பழைய டயர் வணிகத்தோடு புலிக்கொசு ஏற்கெனவே தெற்கு ஐரோப்பாவுக்குப் போயிருந்தது. 2007இலேயே இத்தாலியில் உள்ளூர்ப் பரவல் நடந்தது. 2025இல் பிரான்சில் அதுவரை இல்லாத எண்ணிக்கை.

புதுச்சேரி, ஓய்வுபெற்றவர்: கொசுவுக்குள் பாக்டீரியாவை ஏற்றி விடுகிறார்களாமே, பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஐயா. வோல்பாக்கியா என்ற அந்தப் பாக்டீரியா பூச்சி இனங்களில் ஏராளமானவற்றில் இயற்கையாகவே இருக்கிறது. பழ ஈயிலிருந்து எடுத்து ஏடிஸுக்கு ஏற்றினால், அந்தக் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடிவதில்லை. தாய்க் கொசு அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021இல் அந்த முடிவு வெளியானது. உங்கள் ஊரில் உள்ள ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆராய்ச்சி மையமே இப்படிப்பட்ட கொசுக்களை உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்தது.

எனக்கு ஒரே கவலைதான். சில வகை வோல்பாக்கியா, தண்ணீர் அதிகம் சூடானால் புழுவுக்குள்ளேயே குறைந்துவிடுகிறது. நம் கோடைக்கு, சூடு தாங்கும் வகையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலர்: டெங்கு காய்ச்சலுக்கு நிலவேம்பு போதுமா?

போதாது. நிலவேம்பு குடித்தாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நிறைய நீர் ஆகாரம் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும்; ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு போதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தஞ்சாவூர், ஏழாம் வகுப்பு மாணவி: அத்தை, புழுவைப் பார்த்தே எந்தக் கொசு என்று சொல்ல முடியுமா?

முடியும், கண்ணு. ஒரு கண்ணாடி டம்ளரில் புழுவோடு தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் வை. தண்ணீர்ப் பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல் மிதந்தால் அனாஃபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது குலெக்ஸ். வாலில் மூச்சுக்குழல் இருக்கும், அதைப் பரப்பில் ஊன்றி மூச்சு விடும். குழல் குட்டையாகத் தடித்திருந்தால் ஏடிஸ், நீளமாக ஒல்லியாக இருந்தால் குலெக்ஸ். டம்ளரின் மேல் நிழல் விழும்படி கையை ஆட்டிப் பார், எல்லாம் நெளிந்து அடியில் ஓடும். பார்த்து முடித்ததும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வெயில் அடிக்கும் காய்ந்த தரையில் கொட்டிவிடு. அப்புறம், அந்தப் புழு கிடைத்த பாத்திரத்தை அம்மாவிடம் காட்டி, இரண்டு பேருமாக விளிம்பைத் தேய்த்துவிடுங்கள்.