ஸ்டாக் கார் மாடல் ஏன் பொம்மை மாதிரி தெரியுது? – கடிதம்

அண்ணா வணக்கம்,

நான் அமெரிக்கால சார்லட்ல ஐடி வேலைல இருக்கேன். இங்க வந்தப்புறம்தான் நாஸ்கார்ங்கிற ஸ்டாக் கார் ரேஸ் (கடைல விக்கிற கார் மாதிரி பாடி வச்ச ரேஸ் கார்) பாக்க ஆரம்பிச்சேன், அப்படியே பழைய ரேஸ் வீடியோவெல்லாம் தேடிப் பாத்து, 1985ல பில் எலியட் ஓட்டுன அந்த சிவப்பு 9ஆம் நம்பர் ஃபோர்டு தண்டர்பேர்ட் மேல பைத்தியமே வந்துடுச்சு. மோனோகிராம் கம்பெனியோட 1/24 கிட் (நிஜக் கார்ல 24ல ஒரு பங்கு சைஸ், பார்ட்ஸ் ஒட்டிக் கட்டுற பிளாஸ்டிக் மாடல்) ஒண்ணு வாங்கி பாடிய முடிச்சுட்டேன். பெயிண்ட் மேல கிளியர் கோட் (நிறமில்லாத வார்னிஷ்) நல்லா கனமா அடிச்சு பாலிஷ் போட்டிருக்கேன், மூஞ்சி பாக்கலாம் அவ்ளோ மின்னுது. ஆனா பாக்குறவங்க எல்லாரும் "பொம்ம கார் நல்லாருக்கே"ன்னுதான் சொல்றாங்க. இன்ஜின் வயரு, போட்டோ எட்ச் (மெல்லிசு உலோகத் தகட்டுல அரிச்சு எடுத்த பார்ட்ஸ்) பக்கிள்னு டீடெயில் செட் வாங்கிப் போட்டா சரியாயிடுமா? எதுல ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

எம்.

தம்பி வணக்கம்,

டீடெயில் செட்ட அப்புறம் வாங்கிக்கலாம். முதல்ல இதச் சொல்லுங்க, உங்க கார் எந்த ரேஸ்ல ஓடுன கார்? அந்த ரேஸ்ல எந்த நேரத்துல நிக்கிற கார்? இத முடிவு பண்ணாம நீங்க எத்தன பார்ட்ஸ் ஒட்டினாலும் அது பார்ட்ஸ் ஒட்டுன பொம்மையாத்தான் இருக்கும், நான் அடிச்சுச் சொல்றேன்.

ஏன்னா "எலியட்டோட 1985 கார்"னு பொதுவா ஒண்ணு கிடையாது. அந்த வருஷம் அவரு 11 ரேஸ் ஜெயிச்சாரு. ரெண்டரை மைல் சுத்துற டேடோனா டிராக்குக்கு ரெடி பண்ற கார் வேற, அரை மைல் சொச்சமே இருக்குற மார்ட்டின்ஸ்வில்லுக்கு ரெடி பண்ற கார் வேற. பெரிய டிராக்ல காத்த கிழிச்சுக்கிட்டுப் போறதுதான் பாடு, அதனால முன்னாடி இருக்குற ஓட்டையெல்லாம் முடிஞ்ச அளவுக்கு டேப் போட்டு மூடப் பாப்பாங்க. சின்ன டிராக்ல லேப்புக்கு ரெண்டு தடவ பிரேக்க மிதிச்சாகணும், டிஸ்க் செவசெவன்னு பழுத்துடும், அங்க பிரேக்குக்கு காத்து கொண்டு போற ஹோஸ்தான் முக்கியம். முன் ஃபெண்டர்ல வரிசையா ஒட்டியிருக்குற குட்டி ஸ்டிக்கர் எல்லாம் கூட ரேஸுக்கு ரேஸ் மாறும். கிட்ல வர்ற டெக்கால் ஷீட்ட (தண்ணில நனைச்சு ஒட்டுற ஸ்டிக்கர் தாள) அப்படியே ஒட்டினா எந்த நாளும் இல்லாத ஒரு கார்தான் கிடைக்கும்.

உங்களுக்காக நானே ஒரு நாள் எடுத்துத் தரேன். 1985 மே மாசம், டாலடேகா டிராக். எலியட் மணிக்கு 209 மைலுக்கு மேல ஓட்டி போல் பொசிஷன் (முதல் இடத்துல கிளம்புற உரிமை) எடுத்தாரு, ரேஸ் நடுவுல ஆயில் லைன் ஃபிட்டிங் ஒண்ணு உடைஞ்சு போச்சு, பிட்டுக்குள்ள வந்து சரி பண்ணிட்டு வெளிய போறதுக்குள்ள கிட்டத்தட்ட ரெண்டு லேப் போயிடுச்சு. அப்புறம் மஞ்சக் கொடியோட (அது காட்டினா எல்லாரும் மெதுவாகி இடைவெளி குறையும்) உதவியே இல்லாம, வெறும் வேகத்துலயே அந்த ரெண்டு லேப்பையும் எட்டிப் புடிச்சு, ஜெயிக்கவும் செஞ்சாரு. எலியட்டோட அண்ணன் எர்னி கட்டுன இன்ஜின் அது. இப்ப யோசிச்சுப் பாருங்க, இந்தக் காரோட இன்ஜின் அறை எப்படி இருந்திருக்கும்? ஆயில் தெறிச்சிருக்கும், அது சூட்டுல காஞ்சு பழுப்பா படிஞ்சிருக்கும், அடிச்சட்டத்துல பின்னாடி பாத்து கோடு கோடா இழுத்துக்கிட்டுப் போயிருக்கும், அந்த ஆயில் மேல டிராக்கோட ரப்பர் தூள் ஒட்டியிருக்கும். பாருங்க, இன்னும் ஒரு பார்ட்டும் வாங்கல, அதுக்குள்ள அடிப்பக்கத்துக்கு என்ன கலர், எந்தப் பக்கமா பிரஷ் இழுக்கணும்னு தெரிஞ்சு போச்சு.

இன்னொரு கார் சொல்றேன், எனக்கு ரொம்பப் புடிச்ச கார். 1976 டேடோனா 500, கடைசி லேப், கடைசி வளைவு, ரிச்சர்ட் பெட்டியும் டேவிட் பியர்சனும் மோதி ரெண்டு பேரும் சுவத்துல இடிச்சு சுத்துறாங்க, பெட்டியோட கார் முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி புல்லுல செத்து நிக்குது, பியர்சன் மட்டும் சுத்துறப்பவே கிளட்ச்ச மிதிச்சு இன்ஜின அணைய விடாம வச்சிருந்து, நசுங்குன காரோட மெதுவா உருட்டிக்கிட்டு வந்து ஜெயிக்கிறாரு. பியர்சன் ஓட்டுனது உட் பிரதர்ஸ் டீமோட சிவப்பு வெள்ள மெர்க்குரி கார், தங்கக் கலர்ல 21ஆம் நம்பர். இந்தக் கார எத்தனையோ பேரு ஷோரூம் பளபளப்புல பண்ணி வைக்கிறாங்க, பாக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமா இருக்கும். அந்தக் காரோட பெருமையே நசுங்குன மூக்குலதான் இருக்கு. அது அமெரிக்காக்காரங்களுக்கே நல்லாத் தெரியும், டேடோனா 500 ஜெயிக்கிற கார இப்பெல்லாம் கழுவாம, அழுக்கு, கீறல், மேல விழுந்த காகிதத் தூள் எல்லாத்தோடயும் ஒரு வருஷம் அங்கயே காட்சிக்கு வைக்கிறாங்க.

உங்க ஊர்லயே நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கு, போனீங்களா? உள்ள குளோரி ரோடுன்னு ஒரு சரிவு மேல கார்கள வரிசையா நிறுத்தியிருப்பாங்க, சரிவு ஏறி ஏறி டாலடேகா மாதிரி 33 டிகிரிக்குப் போகும். முழுக் கார போட்டோ எடுக்காதீங்க, அது நெட்லயே கிடைக்கும். ஜன்னல் வலைய எங்க கொக்கி போட்டிருக்காங்க, பின் கண்ணாடி மேல போற பட்டைய எங்க திருகியிருக்காங்க, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி, இதையெல்லாம் கிட்டப் போய் எடுங்க. அந்த இடைவெளி ரொம்ப முக்கியம். கிட்ல இருக்குறபடியே கட்டினா கார் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கும், பொம்மைத்தனம் பாதி அங்கதான் இருக்கு. வயரு ஒட்டுறதுக்கு முன்னாடி உயரத்த இறக்குங்க.

அடுத்தது, நிஜ அளவ எல்லாம் 24ஆல வகுக்கிறது. இத ஒரு பழக்கமாவே ஆக்கிக்கோங்க. ஸ்பார்க் பிளக் வயரு நிஜத்துல 8 மில்லிமீட்டர்னா மாடல்ல 0.33 மில்லிமீட்டர்தான். கையில கிடைச்ச 1 மில்லிமீட்டர் வயரப் போட்டா நிஜக் கார்ல 24 மில்லிமீட்டர் குழாய் ஓடுற கணக்கு. சீட் பெல்ட் 3 அங்குலம், அதாவது மாடல்ல 3.2 மில்லிமீட்டர். ரோல் கேஜ் குழாய் ஒண்ணே முக்கால் அங்குலம், அது 1.85 வருது. உங்க கிளியர் கோட்டும் இந்தக் கணக்குல மாட்டும்! பத்துல ஒரு மில்லிமீட்டர் கனம் அடிச்சிருந்தீங்கன்னா நிஜக் கார் மேல 2.4 மில்லிமீட்டருக்கு வார்னிஷ் ஊத்துன மாதிரி, கதவு இடுக்கு, ரிவெட்டு எல்லாம் அதுக்குள்ள மூழ்கிடும். நீங்க கேக்காமலே சொல்றேன், அந்தக் கோட்ட மெல்லிசான சாண்ட் பேப்பர்ல தண்ணி தொட்டுத் தேச்சுக் குறைங்க, டெக்கால் வரைக்கும் போயிடாம. வீல் ஆர்ச் ஓரத்தையும் உள்பக்கமா சொரண்டி மெலிசாக்குங்க, ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குன்னா 36 மில்லிமீட்டர் தகரம்னு அர்த்தம், அப்படி ஒரு தகரம் எந்த ரேஸ் கார்லயும் கிடையாது.

பளபளப்பு பாடில மட்டும் இருக்கட்டும். டயர் ஓடுற பரப்ப சாண்ட் பேப்பர்ல தேச்சு மங்கலாக்கணும், குட்இயர் எழுத்து மட்டும் தெளிவா நிக்கணும். சிவப்பு மேல வெள்ள டெக்கால் ஒட்டுறப்ப அடில இருக்குற சிவப்பு தெரிஞ்சு லேசா ரோஸ் அடிக்கும், அதே எழுத்த ரெண்டு படியா ஒட்டுறதுதான் வழி. ஜன்னல் வலைக்கு மெல்லிசு வலைத்துணி போதும், பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்ப வெட்டி பெயிண்ட் அடிச்சாப் போதும், பக்கிளுக்கு மட்டும் போட்டோ எட்ச் வாங்குங்க, அத கைல செஞ்சா வராது.

வயரிங் கடைசில. நிறைய பேரு செவி (செவர்லே) இன்ஜின் படத்தப் பாத்து ஃபோர்டுக்கு வயரு போடுறாங்க. செவில டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு கரண்ட்ட பிரிச்சு அனுப்புறது) பின்னாடி இருக்கும், உங்க ஃபோர்டுல முன்னாடி. சிலிண்டர் நம்பரும் வேற, ஃபோர்டுல டிரைவருக்கு எதிர்ப்பக்கம் முன்னாலருந்து 1 2 3 4, டிரைவர் பக்கம் 5 6 7 8. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் பத்திக்கிற வரிசை, 1-3-7-2-6-5-4-8. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய சுத்தி இந்த வரிசைலயே எட்டு வயரையும் எடுத்துட்டுப் போங்க, ஒன்பதாவது ஒண்ணு இக்னிஷன் காயில்ல இருந்து மூடியோட நடுவுல வந்து இறங்கும், அதையும் போட்டுடுங்க.