சதய விழாவில் ராஜராஜனைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: பெங்களூரில் எங்கள் குடியிருப்புத் தமிழ் மன்றத்தில் ஐப்பசிச் சதயத்தன்று ராஜராஜ சோழன் படத்துக்கு மாலை போடுகிறோம். காலேஜ் பிள்ளைகள், "தளிச்சேரிப் பெண்கள், பறைச்சேரி, கன்னட நாட்டுப் படையெடுப்பு பற்றி ஏன் பேசுவதில்லை?" என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்காதீர்கள். கேட்டது நியாயமான கேள்வி. கல்வெட்டு வாசகத்தையே அவர்கள் கையில் கொடுங்கள்.

மூன்றையும் ஒரே மூச்சில் பேசினால் கூட்டம் சண்டையில்தான் முடியும். தளிச்சேரியிலிருந்து, அதாவது கோயில் பணிக்கு வந்த பெண்களின் குடியிருப்பிலிருந்து தொடங்குங்கள், அதற்குத்தான் சான்று அதிகம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 400 பெண்களை வரிசையாகச் சொல்கிறது: எந்தச் சிறகு (தெருவின் வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், 'நக்கன்' என்று தொடங்கும் பெயர், பங்கு ஒன்று. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தால் அடுத்த உறவினர் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வீடும் நெல்லும் தந்த மதிப்பு அதில் தெரியும். அவர்களுடைய சம்மதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

பறைச்சேரி என்ற சொல் அதே கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலக் கணக்கில் வருகிறது. தனிச்சேரி இருந்தது உறுதி. அதை ராஜராஜன்தான் உண்டாக்கினான் என்பதற்கு அந்த வரி சான்றாகாது.

படையெடுப்புக்கு 1007-ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் 9 லட்சம் படையோடு வந்து பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாக, கன்னட நாட்டை ஆண்ட சாளுக்கியர் தரப்பு எழுதியது. 9 லட்சம் மிகை. ஆனால் எதிரி எழுதியது என்று சொல்லி முழுவதையும் ஒதுக்கினால், நம் அரசர்களின் வெற்றிகளைப் புகழும் கல்வெட்டு முன்னுரைகளான மெய்க்கீர்த்திகளையும் அதே தராசில் நிறுத்த வேண்டிவரும். இதைக் கன்னடம் தெரிந்த பிள்ளையே படிக்கட்டும். தமிழர், கன்னடர் என்று பேச்சு திரும்பாமல் இருக்க அதுதான் வழி.

நடைமுறையில்: மாலைக்கு முன் 20 நிமிடம் வாசிப்பு. மூல வரிகளும் எளிய தமிழும் ஒரே தாளில், பெரிய எழுத்தில். வாட்ஸ்அப் ஃபார்வர்டு எதையும் சேர்க்காதீர்கள். பேனரில் சாதிச் சங்கப் பெயர் வேண்டாம். அரசனை எந்தச் சாதியும் சொந்தம் கொண்டாட விட்டால், அந்த மேடையில் சேரியைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோலார் கோலாரம்மா கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். சுமார் 70 கிலோமீட்டர்தான். ராஜேந்திரன் காலத்துத் தமிழ் எழுத்துகளை அங்கே சுவரிலேயே பார்க்கலாம்.