கால் தானாகப் போகாது, தங்கச்சி

கேள்வி: அக்கா, நாங்கள் ஐந்து பெண்கள் ஓர் அணியாகச் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறோம். போன வாரம் சனிக்கிழமை கிரிட்டீரியம் (சின்னப் பாதையைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயம்), ஞாயிற்றுக்கிழமை 70 கிலோமீட்டர் சாலைப் பந்தயம். சனிக்கிழமை கடைசி இரண்டு சுற்றும் நான்தான் முன்னால் நின்று இழுத்தேன். என் பின்னால் ஒட்டி வந்த தோழி இரண்டாவதாக வந்து 400 வெள்ளி பரிசுப் பணம் வாங்கினாள். எனக்கு 23வது இடம். ராத்திரி நாசி கண்டார் கடையில் ஒரு வார்த்தை நன்றி இல்லை. மறுநாள் அவள் வேறு அணிக்காரிகள் இருவரோடு கூட்டத்தை விட்டு முன்னால் தப்பிப் போனாள். நான் துரத்தினேன். கால் தானாகப் போய்விட்டது. மொத்தக் கூட்டமும் என் பின்னால் வந்து அவளைப் பிடித்தது. ஜெயித்தது வேறு அணி. இப்போது வாட்ஸாப் குழுவில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. அடுத்த மாதம் மறுபடியும் இரண்டு நாள் பந்தயம். போகவா, வேண்டாமா? வீட்டுக்காரர் வேறு, “23வது இடத்துக்கா காலை நாலரைக்கு எழுந்து போனாய்?” என்கிறார்.
– பெயர் வேண்டாம், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: கால் தானாகப் போகாது, தங்கச்சி. அன்று உங்கள் காலை மிதிக்க வைத்தது முந்தின ராத்திரி நாசி கண்டார் கடையில் வராத அந்த நன்றி. அது உங்களுக்கும் தெரியும், தெரியாவிட்டால் கடிதத்தில் கடையின் பேச்சே வந்திருக்காது.

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்த ஆள் முன்னால் போயிருக்கும்போது கூட்டத்தை இழுத்துக்கொண்டு போய் அவளைப் பிடித்துக் கொடுப்பதைவிடப் பெரிய பாவம் இந்த விளையாட்டில் அதிகம் இல்லை. எதிரணிக்காரிகள் உங்களுக்கு மாலையே போட்டிருக்கலாம்.

ஆனால் சனிக்கிழமைக் கணக்கும் சின்னதல்ல. சைக்கிள் தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன்: பாலத்தில் லோரிக்குப் பின்னால் மோட்டோரில் போயிருக்கிறீர்களா? காற்று சட்டென்று அடங்கிவிடும். அதேதான் இங்கேயும். 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் ஒருத்தி காற்றை வெட்டினால், அவள் பின்சக்கரத்தை ஒட்டி வருபவளுக்கு உழைப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகும். இரண்டு சுற்று முன்னால் நிற்பது என்றால் நம் காலை அடுத்தவளுக்குக் கடன் கொடுப்பது. வேலை முடிந்து ஒதுங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறவளுக்கு 23வது இடம் கிடைக்கும். உங்கள் தோழியின் இரண்டாவது இடத்தில் பாதி அதற்குள் இருக்கிறது. பெரிய தொழில்முறை அணிகளில் பரிசுப் பணத்தை மொத்த அணிக்கும் பங்கு போடுவதுதான் வழக்கம். உங்கள் தோழி அந்த 400 வெள்ளியை ஐந்தாகப் பிரித்திருக்க வேண்டும். குறைந்தது அன்றைய நாசி கண்டாருக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்திருந்தால் உங்களுக்கு என்ன கிடைத்திருக்கும் தெரியுமா? கூட்டத்தில் மூன்றாவது, நான்காவது ஆளாக, முன்னால் போகிறவள் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கலாம். யாராவது முறைத்தால், “முன்னால் என் ஆள் இருக்கிறாள், நான் ஏன் இழுக்க வேண்டும்?” என்று கையை விரித்துவிடலாம். துரத்துகிற வேலை மற்றவர்கள் தலையில். வேறு அணியிலிருந்து ஒருத்தி கூட்டத்தை விட்டு முன்னால் தாவினால் அவள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியது, ஆனால் ஒரு முறைகூட முன்னால் வரக் கூடாது. கடைசியில் தோழி தப்பினால் அணிக்கு வெற்றி. பிடிபட்டாலோ, துரத்தியவர்கள் எல்லாம் களைத்திருக்கும் அந்த நொடியில் புதுக்காலோடு இருப்பது நீங்கள் மட்டும்தான். அப்போது தாவியிருந்தால் உங்களைப் பிடிப்பது லேசல்ல. கோபத்தில் நீங்கள் போட்டு உடைத்தது தோழியின் வாய்ப்பை மட்டுமல்ல.

பெரிய இடத்திலும் இந்தக் கூத்து உண்டு. 2024 பெண்கள் டூர் டி பிரான்ஸ் தொடரில், மொத்தக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியோடு ஓட்டிய டெமி வோலரிங், ஐந்தாம் கட்டத்தில் கோட்டுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் விழுந்தார். அன்றைய பந்தயத்தை ஜெயித்தது அவருடைய அணித்தோழி பிளான்கா வாஸ். ஜெர்சி கைமாறியது. கடைசி நாள் ஆல்ப் துவேஸ் மலையில் வோலரிங் முதலாவதாக ஏறியும், மொத்தத் தொடரைக் காசியா நியெவியாடோமாவிடம் இழந்தது வெறும் 4 விநாடியில். அவர் விழுந்த அன்று அணியில் யார் நின்று காத்திருக்க வேண்டும் என்று ரசிகர்களுக்குள் ஒரே சண்டை. இதயத்துடிப்பு 180ஐத் தாண்டும்போது யாருக்கும் நியாயம் யோசிக்க முடியாது. அதை முந்தின நாளே, உட்கார்ந்து, வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும்.

எனக்கும் ஒரு 80 வெள்ளி கணக்கு உண்டு. நான் ஓட்டிய காலத்தில் ஒரு தோழி எனக்குத் தரவேண்டிய பங்கு. கேட்பதற்கு ரோஷம், மூன்று வருஷம் பேசவில்லை. ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படியில் பார்த்தபோது அவளே சொன்னாள்: “நீ கேட்பாய் கேட்பாய் என்று கவரில் போட்டே வைத்திருந்தேன்டி.” நம்புவதா வேண்டாமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஆகவே போங்கள். ஆனால் வாட்ஸாப்பில் மன்னிப்பு எழுதாதீர்கள். அதில் எழுதுவதை ஆளுக்கொரு குரலில் படிப்பார்கள். அடுத்த பயிற்சிக்கு தெலுக் பஹாங் அணைக்கட்டு ஏற்றம் வழியாக பாலிக் பூலாவ் போவீர்கள் இல்லையா? தித்தி கெராவாங் பக்கம் எப்படியும் மூச்சு வாங்க நிற்பீர்கள். அங்கே ஜாதிக்காய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, “ஞாயிற்றுக்கிழமை நான் துரத்தியது தப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். ‘ஆனால்’ போடாதீர்கள். ஆனாலை அவர்கள் குடித்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்: பரிசுப் பணம் இனி எப்படிப் பிரியும், சனிக்கிழமை இழுத்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை யார் இழுப்பது. இந்த இரண்டுக்கும் பதில் வராமல் அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்காரர் விஷயம் சுலபம். அடுத்த முறை அவரையும் நாலரைக்கு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், ஏற்றத்தில் தண்ணீர் போத்தல் கொடுக்க நிறுத்துங்கள். போத்தலின் கழுத்தை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, கையை நீட்டி, நீங்கள் வரும்போது கூடவே நாலடி நடக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் போத்தலோடு அவரும் வந்துவிடுவார். முதல் நாள் மாலையே வீட்டு வாசலில் ஒரு தரம் ஒத்திகை பார்த்துவிடுங்கள்.