பாதிப் பேருக்கு அட்மின் அனுமதி: வேலை நிற்காமல் திரும்பப் பெறுவது எப்படி?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சுமார் 40 பேர் ஒரே ஈஆர்பி மென்பொருளை (கணக்கு, கொள்முதல், விற்பனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்துவது) பயன்படுத்துகிறோம். யாருக்காவது "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வந்தால், அவசரத்துக்கு அட்மின் ரோலை, அதாவது எல்லா அனுமதிகளும் அடங்கிய தொகுப்பை, கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இப்போது பாதிப் பேருக்கு மேல் அட்மின். யார் யாரால் என்னென்ன செய்ய முடியும் என்று ஆடிட்டர் பட்டியல் கேட்கிறார். வேலை நிற்காமல் இதை எப்படிச் சரிசெய்வது? இயக்குநரும் தனக்கு முழு அனுமதி வேண்டும் என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: மாதக் கடைசியில் ஒருவர் இன்வாய்ஸ் போட முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது, எந்த அனுமதி குறைகிறது என்று தேட யாருக்கும் பொறுமை இருக்காது. அட்மின் ரோலைக் கொடுத்தால் அந்த நிமிடமே வேலை ஓடும். உங்கள் சிக்கல் தொடங்கும் இடம் அதுதான். அதைச் சரிசெய்யாமல் ரோல்களை எவ்வளவு ஒழுங்காக வகுத்தாலும், இன்று பறித்த அனுமதி அடுத்த மாதக் கடைசியில் திரும்பி வந்துவிடும்.

குறைகிற அனுமதி எது என்று பார்க்கும் வழி பெரும்பாலும் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் ஈஆர்பி எஸ்ஏபி (SAP) என்றால், தடை வந்த உடனே அந்தப் பயனரையே கட்டளைப் பெட்டியில் எஸ்யூ53 (SU53) என்று அடிக்கச் சொல்லுங்கள். கடைசியாக எந்தச் சோதனையில் அவர் தடுக்கப்பட்டார் என்று திரையில் வரும். மைக்ரோசாஃப்டின் டைனமிக்ஸ் 365-இல் பிழைச் செய்தியின் விவரத்தை விரித்துப் பார்த்தால், குறைகிற அனுமதியின் பெயர் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆகவே "ஓப்பன் ஆகவில்லை" என்று வாய்மொழியாக வரும் கோரிக்கையை ஏற்காதீர்கள். முழுச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டும், என்ன செய்ய முயன்றார் என்று ஒரு வரியும் கேளுங்கள். அந்த ஒரு அனுமதியை அவருடைய ரோலில் சேர்த்தால், அதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்கும் சேர்த்துத் தீர்ந்துவிடும்.

அடுத்து ரோல்கள். இவற்றை ஆட்களை வைத்து உருவாக்காதீர்கள், செய்யும் வேலையை வைத்து உருவாக்குங்கள். ஒருவர் பெயரில் ரோல் இருந்தால், அவர் போன பிறகு அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. "சப்ளையர் இன்வாய்ஸ் பதிவு", "பணம் அனுப்ப ஒப்புதல்" என்று இருந்தால், ஆடிட்டர் கேட்ட பட்டியலில் பாதி தானாகவே தயாராகிவிடும். எல்லாருக்கும் பொதுவான அடிப்படை ரோல் ஒன்று, அதன்மேல் வேலைக்கேற்பச் சிறு சிறு ரோல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளோடு வரும் ரோல்களில் நேரடியாகக் கை வைக்காமல், நகல் எடுத்து மாற்றுங்கள்.

இங்கே பலர் இடறுகிற இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான மென்பொருள்களில் ரோல்கள் கூடுமே தவிர, ஒன்றையொன்று கழிக்காது. ஒருவருக்கு அட்மின் ரோலை விட்டுவைத்து, கூடவே "பார்வைக்கு மட்டும்" என்ற ரோலையும் கொடுத்தால் அவர் அட்மினாகவேதான் இருப்பார். அதே காரணத்தால், பழைய ரோல் இருக்கும்போதே புது ரோலைச் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை. எல்லாமே வேலை செய்யும், எதுவும் தெரிய வராது. புது ரோல் மட்டும் உள்ள ஒரு சோதனைப் பயனரை உருவாக்கி, அவராக உள்ளே போய் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பாருங்கள். பதிவு செய்வதோடு நிறுத்தாமல் பிரிண்ட் எடுங்கள், கோப்பு இணையுங்கள், எக்செலுக்கு எடுத்துப் பாருங்கள். டைனமிக்ஸ் 365-இல் ஒரு வாடிக்கையாளர் பதிவைத் திருத்த அனுமதி இருந்தும், அதில் ஒரு குறிப்பைச் சேர்க்க முடியாமல் போகலாம். குறிப்பு தன்னை இணைத்துக்கொள்ள ஓர் அனுமதியும், வாடிக்கையாளர் பதிவு அதை ஏற்றுக்கொள்ள இன்னோர் அனுமதியும் தனித்தனியாக வேண்டும். எக்செலுக்கு எடுப்பதும் அங்கே தனி அனுமதிதான். அதை யோசித்துக் கொடுங்கள். மொத்த வாடிக்கையாளர் பட்டியலும் வெளியே போகும் வழி அது.

எதையெல்லாம் ஒரே ஆளிடம் சேர்க்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுபவரும், அந்தச் சப்ளையருக்குப் பணம் அனுப்ப ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கவே கூடாது. 1995-இல் பேரிங்ஸ் என்ற பழம்பெரும் பிரிட்டிஷ் வங்கி மூழ்கியதற்கு முக்கியக் காரணமே இந்தப் பிரிவினை இல்லாததுதான். அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்ற ஊழியர்தான் சந்தையில் வாங்கி விற்றார். அந்தக் கணக்குகளை முடித்து வைக்கும் பிரிவும் அவர் கையில்தான் இருந்தது. நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் மறைத்துக்கொண்டே போனார். கடைசியில் அது 80 கோடி பவுண்டைத் தாண்டியது. உங்களிடம் ஆள் குறைவு, பிரிக்க வழியில்லை என்றால், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றில் செய்த மாற்றங்களின் பதிவை வாரம் ஒருமுறை வேறொருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். அதையும் ஆடிட்டரிடம் காட்டலாம்.

சரி, பறிப்பது எப்படி? ஒரே இரவில் செய்யாதீர்கள். மாதக் கணக்கு முடித்த மறுவாரம் தொடங்குங்கள். கடந்த மூன்று மாதமாக லாகின் செய்யாதவர்களின் கணக்கை முதலில் முடக்குங்கள். பிறகு ஒரு துறையை எடுத்து, அதில் அனுபவமுள்ள ஒருவரை மட்டும் புது ரோலுக்கு மாற்றுங்கள். ஒரு மாதக் கடைசியை அவர் தாண்டிய பிறகு மற்றவர்களை மாற்றுங்கள். அந்த நாட்களில் உடனே உதவ ஒருவர் தயாராக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பொறுமை இழந்து எல்லாரும் பழைய வழிக்கே போவார்கள். முடிவில் இரண்டு பேர் மட்டும் அட்மினாக இருந்தால் போதும். அவர்களும் அன்றாட வேலைக்கு ஒரு கணக்கும் அட்மின் வேலைக்குத் தனிக் கணக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

துறை மாறுபவர்களைக் கவனியுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை மூட வேண்டும் என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். கொள்முதலிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாறியவரின் பழைய ரோலை எடுக்கத்தான் மறந்துவிடும், நாலைந்து வருடத்தில் அவரிடம் எல்லாமே சேர்ந்திருக்கும். மாற்ற உத்தரவு வந்ததும் பழையதை எடுக்கும் தேதியையும் அதே கோரிக்கையில் எழுதிவிடுங்கள். போனவர்களின் கணக்கை அழிக்காமல் முடக்கி வையுங்கள். அவர் செய்த பதிவுகளின் தடம் அதில்தான் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த பொதுப் பாஸ்வேர்டுகள் இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

அப்புறம் உங்கள் இயக்குநர். அவர் கேட்பது நியாயமானதுதான். நிறுவனத்தில் நடக்கும் எல்லாவற்றையும் அவர் பார்க்க முடிய வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் பார்க்கும், எதையும் மாற்றாத ஒரு ரோல் போதும். ஒப்புதல் தர வேண்டிய இடங்களுக்கு ஒப்புதல் ரோலைச் சேர்த்துக்கொடுங்கள். போலி மின்னஞ்சல் அனுப்பிப் பாஸ்வேர்ட் திருடுபவர்கள் முதலில் குறிவைப்பது அவர் போன்றவர்களின் கணக்கைத்தான் என்று நேரடியாகச் சொல்லுங்கள். அவருடைய பாஸ்வேர்ட் ஒருநாள் திருடு போனாலும், அதை வைத்துப் புதுப் பயனரை உருவாக்கவோ, பதிவுகளை அழிக்கவோ, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றவோ யாராலும் முடியாது என்பதைத் திரையிலேயே காட்டுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டடுக்கு லாகினையும் அவர் கணக்கிலிருந்தே தொடங்குங்கள். அவரே ஏற்றுக்கொண்ட பிறகு, மற்றவர்களிடமிருந்து அட்மின் ரோலை எடுக்கும்போது வரும் முணுமுணுப்பு வெகுவாகக் குறையும்.