கதை சொன்னவரிடமே இருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதப்பட்டிருந்தாலும், ஒரே பொருளைத்தான் தொடுகின்றன. பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிந்து, அவர்களுடைய உரிமைக்காகப் பயன்படுத்த உதவும் கருவிகளை மாணவர்கள் செய்து தருவதுதான் அந்தப் பொருள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறோம். ஆலங்குளம் வட்டாரத்தில் பீடித் தொழிலாளர்களுக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு, பெண்களின் கதைகளைச் சேகரிக்கும் கைப்பேசிச் செயலி ஒன்றை எங்கள் திட்டப்பணியாகச் செய்து வருகிறோம். பெயர், வயது, கூலி என்று 40 கேள்விகள் கொண்ட படிவமும், அதன் முடிவில் ‘உங்கள் கதையை இங்கே எழுதுங்கள்’ என்று ஒரு பெட்டியும் வைத்தோம். போய்வந்த இரண்டு ஊர்களிலும் அந்தப் பெட்டி ஏறக்குறையக் காலியாகவே திரும்பியது. எங்கே தவறினோம்?
— மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பெட்டி காலியாக வந்ததற்கு அவர்களிடம் கதை இல்லை என்பது காரணமல்ல, அது உங்களுக்கும் தெரிந்திருப்பதால்தான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பீடி சுற்றுகிறவருடைய இரண்டு கைகளும் வேலை நேரம் முழுவதும் தட்டில்தான் இருக்கின்றன. நனைத்த இலையை அளவு வைத்துக் கத்தரித்து, தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கி, பிறகு எண்ணிக் கட்டாகக் கட்ட வேண்டும். கூலியோ 1,000 பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. ஆகவே அவர் கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் திரையைத் தொடும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூலியில் குறைகிறது. ஆனால் வாய்க்குத் தடையில்லை. திண்ணையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சுற்றும்போது பேச்சு ஓய்வதே இல்லை. அந்தப் பேச்சுக்குள் உங்களுக்கும் ஓர் இடம் கேட்டு உட்காருங்கள். எழுத்துப் பெட்டியை எடுத்துவிட்டுக் குரல் பதிவை முன்னே வையுங்கள். தட்டின் மேல் கைப்பேசியை வைத்தால் கத்தரியின் ஓசைதான் பதியும். மடித்த துணியொன்றின் மேல், அவர் முகத்துக்கு அருகில், மின்விசிறிக்கு எதிர்ப்புறமாக வைப்பது நல்லது.

அடுத்தது, ‘ம்’ கொட்ட ஆள் இல்லாமல் கதை வராது. வில்லுப்பாட்டில் அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவதைக் கொடைவிழாக்களில் கேட்டிருப்பீர்கள். அந்த ‘ஆமா’ இல்லையென்றால் சொல்பவருக்கு அடுத்த வரி எழும்பாது. ஒரு பெண்ணைச் சிவப்புப் பொத்தானின் முன்னால் தனியே உட்காரவைத்துப் பேசச் சொல்வது வழக்கில் சாட்சி சொல்லச் சொல்வதைப் போன்றது. உங்களில் ஒருவர் கேட்பவராக மட்டும் இருக்கட்டும். படிவத்தின் 40 கேள்விகள் மனு எழுதும்போது உதவும். அவற்றை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு மூன்று போதும்: யார் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலில் சுற்றப் பழகினீர்கள், சுற்றிக் கொண்டுபோன பீடியை, இலை கொடுத்து வேலை தரும் கடையில் கழித்துப்போட்ட ஒரு நாள் எப்படிப் போயிற்று, இந்தக் கூலி சேர்ந்து என்னவாக ஆயிற்று. மூன்றாவது கேள்விக்குத்தான் மகளின் படிப்பும், மீட்ட நகையும், மீட்க முடியாமல் போன நகையும் வெளியே வரும்.

தொழில்நுட்பத்தில் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். கிராமத்தில் எல்லா வீட்டிலும் சிக்னல் சீராகக் கிடைக்கும் என்று நம்பிச் செயலியைக் கட்டக் கூடாது. பதிவு முதலில் கைப்பேசியிலேயே தங்க வேண்டும். இணைப்பு கிடைக்கும்போது தானாகப் போய்ச் சேர வேண்டும். சுருக்காத ஒலிக்கோப்பு நிமிடத்துக்கு 5 எம்பி அளவில் இடம் பிடிக்கும். ஓபஸ் என்ற கட்டற்ற ஒலிவடிவில் 24 கேபிபிஎஸ் (நொடிக்கு 24 கிலோபிட்) வேகத்தில் பதிந்தால் பேச்சு தெளிவாகவே இருக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 180 கேபிதான் ஆகும். ஒரு மணி நேரப் பேச்சு 11 எம்பிக்குள் அடங்கிவிடும் என்பதால் குறைந்த டேட்டா உள்ள கைப்பேசியிலிருந்தும் அனுப்ப முடியும்.

பேச்சை எழுத்தாக்க, 2022இல் வெளிவந்த விஸ்பர் போன்ற திறந்த மூலக் கருவிகள் தமிழையும் ஏற்கின்றன. ஆனால் அவை பழகியது பெரும்பாலும் பொதுத்தமிழ். நம் பக்கத்துப் பெண் ‘கடைக்காரவுக சொன்னாவ’ என்றால் அது ‘சொன்னார்கள்’ ஆகலாம், அல்லது வேறு ஏதோ சொல்லாகவே மாறிவிடலாம். எந்திரம் தருவதை முதற்படியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதே ஊரில் படித்த பெண் ஒருவருக்குக் கூலி கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். பேச்சுவழக்கைத் திருத்த வேண்டாம், பிழையை மட்டும் திருத்தினால் போதும். கதைக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவு எழுதிய நாலு வரிச் சுருக்கத்தை வைக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நாங்குநேரியில் பிறந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை நம் பக்கத்துக் கதைப்பாடல்களைச் சேகரித்தபோது மக்கள் பாடியதைப் பாடியபடியே மதித்தார். அந்த வழி நமக்குப் புதியதன்று. உங்கள் ஊரிலேயே தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை வளர்ந்திருக்கிறது. சொன்னவர், இடம், சூழல் ஆகியவற்றை எப்படிக் குறித்துவைப்பது என்பதை அத்துறையில் பயின்ற ஒருவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு தரவுத்தளத்தின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். பிறகு அந்தக் கதையை அதிகாரிகளிடம் கொடுக்கும் மனுவிலும், நன்கொடையாளர் கூட்டத்திலும், யூடியூபிலும் பயன்படுத்துகிறோம். செயலி செய்யும் மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டும் என்கிறார்கள். வேலை பெருகாதா?
— களப்பணியாளர், தென்காசி

பதில்: பெருகும், பெருகத்தான் வேண்டும். மாணவர்கள் சொல்வதே சரி.

பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஓர் அமைப்புக்காகக் குரல் பதியப் போனேன். கூலிப் பிடித்தம் பற்றி ஒரு பெண் மனம்விட்டுப் பேசினார். பேசி முடித்ததும் தாளில் கையெழுத்தும் போட்டார். பெயரை மாற்றித்தான் வெளியிட்டோம். ஆனால் கூடவே போட்ட படத்தில் அவர் வீட்டுக் கதவும் வேப்பமரமும் தெரிந்தன. அடுத்த வாரம் கடையில் அவருக்கு இலை கொடுக்கவில்லை. ‘படம் வெளியில் வரும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே’ என்றுதான் கேட்டார், கோபப்படக்கூட இல்லை. அவர் சொன்னது உண்மை, நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்து எங்களைக் காத்தது, அவரைக் காக்கவில்லை.

மனுவில் சேர்ப்பது வேறு, ஊர்க்கூட்டத்தில் ஒலிக்கச் செய்வது வேறு, உலகம் பார்க்கும் காணொளியாக்குவது முற்றிலும் வேறு. இந்த மூன்றையும் செயலி தனித்தனியே, எழுத்தாக மட்டுமின்றிக் குரலாகவும் கேட்க வேண்டும். ஒருவர் முதலாவதற்குச் சரி என்றும் மூன்றாவதற்கு வேண்டாம் என்றும் சொல்ல வழி இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் இன்ன காரியத்துக்கு என்று குறிப்பாகவும், புரிந்து கொடுத்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும், 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் ஒப்புதலையும் அது கேட்கிறது. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், பேசிய அன்றே ஒப்புதலை முடிவாகக் கொள்ளாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பதிவை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். தன் குரலைத் தானே கேட்கும்போதுதான் ‘மாமியார் பற்றிச் சொன்ன இடத்தை எடுத்துரு தாயி’ என்பார். அந்த இடத்தை அங்கேயே வெட்டிவிடும் வசதி, செயலியில் வேறு எந்த அழகையும் விட முக்கியமானது.

கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள், இட அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கும். சேமிக்கும்போதே செயலி அவற்றைத் துடைத்துவிட வேண்டும். வரைபடத்தில் வீட்டைக் குறிக்காமல் ஊரை மட்டும் குறியுங்கள். சிறிய ஊரில் பெயரை மறைத்தாலும் குரல் காட்டிக்கொடுக்கும். அப்படி அஞ்சும் ஒருவருடைய கதையை, அவர் ஒப்பினால், வேறொருவர் வாசித்துப் பதியலாம்.

யார் எதைக் கேட்கலாம் என்பதைச் சமூகமே முடிவு செய்யும் முறைக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு என்ற ஆவணக் கருவியில் குடும்பத்துக்கு மட்டும், குழுவுக்கு மட்டும், எல்லோருக்கும் என்று பார்க்கும் அனுமதியை வகுக்க முடியும். அது கட்டற்ற மென்பொருள். உங்கள் மாணவர்கள் அதைத் திறந்து படித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: காலேஜ் பிள்ளைகள் வந்து இரண்டு மணி நேரம் என் கதையைப் பதிந்துகொண்டு போனார்கள். நல்ல பிள்ளைகள்தான். இதனால் எனக்கு என்ன கிடைக்கும் என்று அவர்களிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்கலாமா?
— முக்கூடல் வாசகி (மகள் எழுதியது)

பதில்: தாராளமாகக் கேளுங்கள் அம்மா. அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள், வருத்தப்பட்டாலும் கேளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் சுற்றியிருக்கக்கூடிய பீடிக்கான கூலியைக் கேட்பது உங்கள் உரிமை. அது கதைக்கு விலை ஆகாது, நேரத்துக்கான ஈடு. உங்கள் பதிவின் ஒரு படியை மகளின் கைப்பேசியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். எங்கே, யாருக்கு அதைப் போட்டுக் காட்டப் போகிறார்கள் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டமே வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளியாக ஏற்றுக்கொண்டது. யாருடைய தயவிலும் நீங்கள் பேசவில்லை.

உங்கள் கதையில் தீர்க்கக்கூடிய குறை ஏதேனும் இருந்தால், உதாரணமாக வருங்கால வைப்புநிதிக் கணக்கில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் இருந்து பணம் எடுக்க முடியாமல் நின்றால், அதைத் தனியே குறித்து யார் பின்தொடர்வார் என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா என்ற குரல்சேவையில் பழங்குடி மக்கள் சாதாரணக் கைப்பேசியில் பேசித் தங்கள் ஊர்க்குறையைப் பதிவார்கள். பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் அதிலேயே சொல்லி, கேட்பவர்களை அவரிடம் பேசச் சொல்வார்கள். பேசிய பேச்சு போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போனதா என்பதை உங்களுக்கு வந்து சொல்வது அந்தப் பிள்ளைகளின் கடமை.

கேள்வி: என் மாணவர்கள் செய்த கருவிகள் அவர்கள் படித்து முடித்துப் போனதும் ஆறு மாதத்தில் நின்றுவிடுகின்றன. என்ன செய்யலாம்?
— கணினித் துறைப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: புதிதாகக் கட்டுவதைக் குறைக்கச் சொல்லுங்கள். இணைப்பு இல்லாமலே தகவல் சேகரிக்க ஓடிகே, கோபோ போன்ற கட்டற்ற கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் ஒலிப்பதிவும் செய்யலாம். மாணவர்கள் தங்கள் உழைப்பை அவற்றில் இல்லாததற்கு, அதாவது தமிழ்க் குரல் ஒப்புதலுக்கும், கேட்டுத் திருத்தும் வசதிக்கும், திரும்பப் பெறும் வழிக்கும் செலவிடலாம். கணக்கும் கடவுச்சொல்லும் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். மாணவர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கு அவருடனேயே போய்விடும். மூல ஒலிக்கோப்புகளின் ஒரு படி வன்வட்டில், நிறுவனத்தின் அலமாரியில், யாருடையது, எந்த ஊர், எதற்கு ஒப்புதல் என்ற தமிழ்ப் பட்டியலோடு இருக்க வேண்டும். செயலி போனாலும் கதை போகக் கூடாது.

பிறகு, கடைசிப் பருவத்தின் நடுவில் ஒரு வாரம், மாணவர்கள் உடனிருந்தும் கருவியைத் தொடாமல், நிறுவனத்தின் ஊழியரே பதிவதிலிருந்து அழிப்பது வரை எல்லாவற்றையும் செய்து பார்க்கட்டும். அவர் தடுமாறிய இடங்களை எழுதிக்கொண்டு, மீதமுள்ள நாட்களில் அவற்றை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பெரும்பங்கையும் அதற்கே ஒதுக்குங்கள்.