கோடை முகாமும் பூட்டிய பீரோவும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மன்னார்குடி வட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். ஒரே அறை, நாலு இரும்பு பீரோ, இரண்டு மேசை, கரண்ட் இருந்தால் சுற்றும் ஒரு ஃபேன். போன மே மாதம் வாசகர் வட்டத்தார் சேர்ந்து பத்து நாள் கோடை முகாம் நடத்தினோம். யோகா, அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ஓவியப் போட்டி எல்லாம் வைத்தோம். முதல் நாள் உட்கார இடமில்லை. நாலாம் நாளிலிருந்து கூட்டம் கரைய ஆரம்பித்தது. பரிசளிப்பு அன்றைக்குத்தான் மறுபடி எல்லாரும் வந்தார்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட நூலகப் பக்கம் வரவில்லை.

இந்த வருஷம் இன்னும் பெரிதாகச் செய்யலாம் என்கிறார் வாசகர் வட்டத் தலைவர். ஷாமியானா, மைக் செட், சிறப்பு விருந்தினர். உங்களைத்தான் அழைக்கச் சொன்னார். எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை. எங்களைப் போன்ற சின்ன நூலகத்தில் கோடையில் உருப்படியாக என்னதான் செய்யலாம்? இன்னொன்று, பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் புத்தகம் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. தணிக்கையில் ஒன்று குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் ஊர்ப்புற நூலகர்

*

அன்புள்ள நூலகருக்கு,

கடிதத்தின் கடைசியில், வீட்டுக்குப் புத்தகம் கொடுக்கப் பயம் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பத்து நாளும் பீரோ பூட்டியே கிடந்திருக்கிறது. யோகாவும் அபாகஸும் கல்யாண மண்டபத்தில் வைத்தாலும் நடக்கும், ரேஷன் கடைத் திண்ணையில் வைத்தாலும் நடக்கும். நூலகத்துக்கு வந்தும் ஒரு புத்தகத்தைத் தொடாமல் திரும்பிய பிள்ளை ஜூனில் எதற்காக மறுபடி வர வேண்டும்?

இந்தக் கோடையில் நீங்கள் எதை வேண்டுமானாலும் நடத்துங்கள். ஆனால் சாயங்காலம் கதவைச் சாத்தும்போது, இன்றைக்கு எத்தனை புத்தகம் வாசற்படி இறங்கிப் போயிற்று என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். எத்தனை தலை வந்தது என்ற கணக்கைத் தலைவர் வைத்துக்கொள்ளட்டும். செய்தித்தாளுக்குப் படம் அனுப்ப அவருக்கு உதவும்.

தணிக்கைப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளத்தில் கை வைப்பார்கள் என்றால் யாருக்கும் பயம் வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வாசகர் வட்டம் தன் பணத்தில் மெல்லிய சிறுவர் நூல்களாக வாங்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புஸ்தகாலயம் வரிசையில் உண்டு, பாரதி புத்தகாலயத்தில் உண்டு, துளிகா பதிப்பகத்தில் உண்டு. அவற்றை நூலகக் கணக்கில் சேர்க்காமல், வட்டத்தின் பெயரில் தனி நோட்டுப் போட்டு, தனிப் பெட்டியில் வையுங்கள். தொலைந்தால் வட்டத்துக்கு நஷ்டம், உங்களுக்கில்லை. ஷாமியானா வாடகையும் மைக் செட் வாடகையும் மிச்சமானால் பெட்டி நிறைந்துவிடும். மீதியில் ஊர்ப் பிள்ளைகளை உறுப்பினராக்கக் காப்புத்தொகையும் கட்டிவிடலாம்.

இன்னோர் இடத்திலும் புத்தகம் இருக்கிறது. வாசிப்பு இயக்கம் என்று அரசுப் பள்ளிகளுக்குச் சின்னச் சின்ன நூல்கள் வந்தன அல்லவா? நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையும் ஒரே மூச்சில் முடிக்கிற மாதிரி போட்ட புத்தகங்கள். பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிற மே மாதத்தில் அவை பள்ளிக்கூடத்துக்குள் பூட்டிக் கிடக்கின்றன. விடுமுறை விடும் முன்பே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். கையெழுத்துப் போட்டு ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தயங்கினால் ஊராட்சித் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பார்த்த நூலகங்களில் பக்கம் பக்கமாகக் காணாமல் போவது டிஎன்பிஎஸ்சி கைடுகளில்தான். கிழித்தவர்கள் எட்டு வயதுக்காரர்கள் இல்லை.

நீங்கள் எழுதுவது மன்னார்குடிச் சீமையிலிருந்து. அந்த மண்ணில் நடந்த ஒன்றை உங்கள் வட்டத் தலைவருக்குச் சொல்லுங்கள். 1931இல் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் ஒரு மாட்டு வண்டியை நூலகமாக்கினார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலிலிருந்து அந்த வண்டி சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போயிற்று. நூலகத்துக்கு ஆள் வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டு உட்காராமல், ஆள் இருக்கிற இடத்துக்குப் புத்தகத்தை ஓட்டிக்கொண்டு போனார்கள். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலாக வந்ததும் அதே ஆண்டில்தான். முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த கதையை அவர் சொல்கிறார். இன்றைக்குச் சங்கிலி இல்லை, கோத்ரெஜ் பூட்டு இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பது தர்ம காரியம் என்கிற நினைப்பும் வேண்டாம். ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கிற வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். நூறு ரூபாய் வரி என்றால் அதோடு பத்து ரூபாய் நூலக வரி. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிற வழக்கம் இது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் சென்னைதான். கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையும் தன் அப்பா கட்டிய பணத்துக்குத்தான் புத்தகம் கேட்கிறது.

இனி, என்ன நடத்தலாம் என்பது. நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: தினமும் அரை மணி நேரம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். கதைசொல்லியை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. அவர் நன்றாகவே சொல்வார். ஆனால் அவர் போகும்போது கதையும் கூடவே போய்விடும். நீங்கள் வாசித்தால் கதை அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது என்று பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரியும்.

மேசையை ஓரம் தள்ளிவிட்டுப் பாயை விரியுங்கள். நாற்காலியில் உட்காராதீர்கள். புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு படிக்காமல், பிள்ளைகள் பார்க்கிறபடி பிடித்து, நீங்கள் பக்கவாட்டிலிருந்து படியுங்கள். கழுத்து கொஞ்சம் வலிக்கும். படத்தில் விரலை வைத்து ஒரு பொடியன் ஏதாவது கேட்டால் வாசிப்பை நிறுத்திப் பதில் சொல்லுங்கள். நீதி என்ன என்று கடைசியில் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்தவுடன் பிள்ளைகளின் முகத்தில் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. கொஞ்சம் பெரிய கதையாக இருந்தால் கிணற்றுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிவதற்கு ஒரு பக்கம் முன்னால் மூடிவிடுங்கள். யாருக்கு வேண்டும் என்று கேளுங்கள். நாலு கை நீளும். அந்த நாலு பேரில் ஒருத்தி எடுத்துப் போய் மறுநாள் மற்ற மூவருக்கும் கதையைச் சொல்லிக் கெடுத்துவிடுவாள். பரவாயில்லை, அவர்கள் வேறொன்றை எடுப்பார்கள்.

நேரத்தையும் யோசியுங்கள். முகாம் என்றாலே காலை பத்து மணி என்று வைத்துவிடுகிறோம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிற நேரம் அது. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது ஐந்தாவது படிக்கிற அக்கா. 'மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை' என்று நோட்டீஸ் அடித்தால் அவளால் வர முடியாது, இடுப்பில் இருப்பவனுக்கு அனுமதி இல்லையே. போன வருஷம் நாலாம் நாள் நின்றவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று வெளியே எழுதிப் போடுங்கள். ஒரு பானைத் தண்ணீரும், பக்கத்து வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதியும் வாங்கிவைத்தால் யோகா மாஸ்டரைவிட உபயோகம். கத்திரி வெயிலில் நாலு மணிக்கு மேல் திறந்து வைப்பது நல்லது. கடைத்தெருவுக்கு வருகிற பெரியவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

விழா மாதிரி ஒன்று வேண்டும் என்று தலைவர் பிடிவாதம் பிடித்தால், நிழலில்லா நாளை வைத்துக்கொள்ளுங்கள். செலவே கிடையாது. உங்கள் ஊருக்கு ஏப்ரல் 17, 18 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் 12 மணி 10 நிமிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டமான தரையில் நிறுத்தி வைத்தால், நிழல் குறுகிக் குறுகி அடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஏன் சென்னைக்கு மட்டும் 24ஆம் தேதி வாக்கில் வருகிறது, கன்னியாகுமரிக்கு 10ஆம் தேதி வாக்கிலேயே வந்துவிட்டது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நீங்களே சொல்லிவிடாதீர்கள். வானியல் புத்தகம் மேசைமேல் திறந்து கிடக்கட்டும். ஏப்ரலில் பரீட்சை குறுக்கே வந்தால் ஆகஸ்ட் 24, 25 வாக்கில் இன்னொரு முறை பார்க்கலாம். மேகம் வந்தால் போயிற்று, அதற்கு யாரும் பொறுப்பில்லை.

கையெழுத்துப் பயிற்சிக்குப் பதிலாகக் கையெழுத்துப் பத்திரிகை போடுங்கள். கையெழுத்து தானே திருந்தும். தாத்தா பாட்டிகளிடம் போய் உங்கள் ஊர் வயல்களின் பெயர், வாய்க்கால்களின் பெயர், அந்தக் காலத்தில் விதைத்த நெல்லின் பெயர் எல்லாம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். குறுவை, தாளடி என்று நெல் பருவங்களில் தொடங்கினால் பாட்டிகள் நிறுத்த மாட்டார்கள். சேர்ந்ததைத் தைத்து, அட்டை போட்டு, வட்டத்தின் நோட்டில் ஒரு எண் கொடுத்து, பெட்டியில் மற்றப் புத்தகங்களோடு வையுங்கள். தான் எழுதியதை வேறொருத்தர் இரவல் எடுத்துப் போகிறார் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை ஜூனிலும் வந்து எட்டிப் பார்க்கும், யார் எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளவாவது.

போட்டியும் பரிசும் வேண்டாம். மூன்று பேர் சந்தோஷப்பட முப்பது பேர் தோற்க வேண்டியிருக்கிறது. கேடயத்துக்குச் செலவு வேறு.

சிறப்பு விருந்தினராக நான் வரவில்லை. மேடை, பொன்னாடை, மாலை எதுவும் வேண்டாம். மே மாதத்தில் ஏதாவது ஒரு சாதாரண நாளில் நாலு மணிக்கு வந்து, பாயில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசிக்கிறேன். பெட்டியில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். இரண்டை வீட்டிலேயே படித்துப் பழகிக்கொண்டு வருகிறேன்.